‘டில்ட்’டுக்குச் ‘சாய்வு’ சரிப்படவில்லை

நண்பர்களுக்கு வணக்கம்.

தொண்டிக் கரைக்காகக் காரைக்குடியில் தயாராகும் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) பழுதுநீக்கக் கையேட்டில், மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்குவதைக் குறிக்கும் ‘டில்ட்’ வரும் இடமெல்லாம் ‘சாய்வு’ என்று போட்டிருக்கிறது. அகராதிப்படி குற்றமில்லை, பட்டறையில்தான் நிற்காது. ‘சாய்வுப் பொறி வேலை செய்யவில்லை’ என்றால் என்ன பழுது? மோட்டார் தண்ணீரைவிட்டு மேலே வர மறுக்கிறதா, மேலே போனது இறங்க மறுக்கிறதா, தூக்கி நிறுத்தியது தானாகத் தொய்கிறதா? மூன்றும் மூன்று நோய்.

பட்டனை அழுத்தினால் ‘டிக்’ மட்டும் கேட்கிறது, தூக்கும் எண்ணெயைத் தள்ளும் பம்பு மோட்டார் பேசவில்லை என்றால் மின்பக்கம் பார்க்க வேண்டும். ரிலே (பட்டனை அழுத்தினால் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) முனையில் பச்சை பூத்திருக்கும், அல்லது பம்பு மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பம்பு உறுமுகிறது, மோட்டாரின் கால் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) அசையவில்லை என்றால் எண்ணெய்ப்பக்கம். எண்ணெய் குறைந்திருக்கும், இல்லையேல் கைத்திருகு (எண்ணெய் அழுத்தத்தை விடுவித்து மோட்டாரைக் கையால் தூக்க வைக்கும் திருகு) திறந்து கிடக்கும்.

இது போதாதென்று ‘டிரிம்’முக்கும் அதே ‘சாய்வு’தான். ஓட்டத்தில் இருக்கும்போது முதல் 20 பாகை அளவுக்குள் காலை உள்ளே வெளியே நகர்த்தி அணியத்தை (படகின் முன்பக்கத்தை) ஏற்றி இறக்குவது டிரிம். கரை தட்டாமல் காலை முழுக்க வெளியே எடுப்பது டில்ட். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. மாற்று சொல்லுங்கள்.

— காரைக்குடியிலிருந்து

•

அண்ணே, கரையில் ‘மோட்டாரைத் தூக்கு, இறக்கு’ என்பார்கள். ‘சாய்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘கால்தூக்கி’ என்று வைக்கலாமா என்று பார்த்தேன், நாய் நினைவுக்கு வந்துவிட்டது. ‘நிமிர்த்தம்’ நல்ல சொல், அச்சில் ஒற்றெழுத்து விழுந்தால் ‘நிமித்தம்’ ஆகிவிடும்.

‘தூக்கு’ என்றே விடுவோம். தூக்குமேடை நினைவு வருமே என்பவர்கள், வீட்டில் சோறு போகும் தூக்குச்சட்டியை நினைத்துக்கொள்ளட்டும். ‘தூக்கு எண்ணெய்’, ‘தூக்குத் தண்டு’, ‘தூக்கு ரிலே’ என்று ஒட்டிப் பார்த்தாலும் நாக்கில் இடறவில்லை. டிரிம்முக்குக் ‘கோணம்’.

— தேவகோட்டை

•

சொல்லை வேலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கையேட்டின் ‘தானாகத் தொய்தல்’ பகுதியை இந்தச் சொற்களால் திருப்பி எழுதியிருக்கிறேன்:

“மோட்டாரை முழுத் தூக்கில் நிறுத்தி, தூக்குத் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டு ஓர் இரவு விடவும். கோடு கீழே போயிருந்தால் எண்ணெய் எங்கோ வழிவிடுகிறது. முதல் சந்தேகம் கைத்திருகு மேல். கிளாம்ப் பிராக்கெட்டின் (மோட்டாரைப் படகோடு பிடிக்கும் சட்டம்) பக்கவாட்டு ஓட்டைக்குள் தட்டை ஸ்குரூடிரைவரை விட்டு, வலஞ்சுழியாக இறுக்கிப் பார்க்கவும். இறுக்கியும் தொய்ந்தால் மோட்டாருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, திருகை வெளியே எடுத்து ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) பார்க்கவும். நகத்தால் தடவினால் வெட்டு தட்டுப்படும். அதுவும் நன்றாக இருந்தால் தண்டைத் துடைத்து, மேலும் கீழும் ஓட்டவும். தண்டில் எண்ணெய்ப்படலம் மறுபடி வந்தால் வெளிச் சீல். வராமலே தொய்ந்தால் உள்ளே பிஸ்டன் வால்வு.”

‘முட்டு’ என்று எழுதியிருப்பது தூக்கிய மோட்டாரைத் தாங்கும் நெம்பைத்தான். கையேட்டில் ‘சாய்வுத் தாங்கு கருவி’ என்று இருந்தது. வண்டிக்கும் சுவருக்கும் முட்டுக் கொடுக்கிற ஊரில் அது எதற்கு? எண்ணெயை மட்டும் நம்பி மோட்டாருக்குக் கீழே கை வைக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் ‘முட்டு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது.

எண்ணெய் ஊற்றும் பகுதியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. மூடியை முழுத் தூக்கில், முட்டுக் கொடுத்த பிறகே திறக்க வேண்டும். இறங்கிய நிலையில் திறந்தால் அழுத்தத்தோடு பீய்ச்சும். மூடியின் விளிம்புவரை எண்ணெய் நிற்க வேண்டும். நிரப்பியபின் ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி அளவு பார்க்க வேண்டும். சிவப்பு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்) எண்ணெய் ஊற்றும் வகைகளில் எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் கடல்நீர் கலந்துவிட்டது. அதன்மேல் புதிதை ஊற்றிப் பயனில்லை, முழுக்க வடித்து, சீலையும் மாற்ற வேண்டும்.

— காரைக்குடி, இன்னொருவர்

•

ரிலே சோதனையில் நிறங்களைச் சேர்த்துவிடுங்கள். யமஹாவில் வான்நீலக் கம்பி தூக்க, வெளிர்பச்சை இறக்க. மெர்குரியில் நீலம்-வெள்ளை, பச்சை-வெள்ளை. பம்புக்குப் போகும் இரண்டு கம்பியையும் கழற்றி, 12 வோல்ட் பாட்டரியின் நேர்முனையை நீலத்திலும் எதிர்முனையைப் பச்சையிலும் தொட்டால் மோட்டார் எழ வேண்டும், மாற்றித் தொட்டால் இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் பம்பு நல்லது, பட்டனும் ரிலேயும்தான் குற்றவாளி. ஒரு பக்கம் மட்டும் ஓடும் மோட்டாரில் இரண்டு ரிலேயும் ஒரே மாதிரியாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இதைவிடச் சுளுவு. பழுது பக்கம் மாறினால் ரிலே போச்சு.

‘ரிலே’ ரிலேயாகவே இருக்கட்டும். ‘உணர்த்தி’ என்று யாராவது வருமுன் சொல்லிவிடுகிறேன்.

— தேவகோட்டை

•

எண்ணெய்ப் பம்பு இல்லாத சின்ன மோட்டார்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கையால் தூக்கும் அவற்றில் அடிக்கடி போவது ‘ரிவர்ஸ் லாக்’. பின்கியர் போட்டதும் மோட்டார் துள்ளி மேலே வராமல் கோண ஆணியைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி அது. கையேடு அதைப் ‘பின்னோட்டப் பூட்டு’ என்கிறது. பூட்டென்றால் சாவி எங்கே என்பான். செட்டிநாட்டு வீட்டுக் கதவைப் பாருங்கள், கொண்டி இருக்கிறது, கொண்டி மாட்ட நாதாங்கி இருக்கிறது. இங்கே கொக்கிதான் கொண்டி, ஆணிதான் நாதாங்கி.

“பின்கியரில் மோட்டார் துள்ளினால்: கொண்டியின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, கியர்க் கம்பியிலிருந்து கொண்டிக்குப் போகும் இணைப்பு கழன்றிருக்கிறதா, உப்பு இறுகிக் கொண்டி பாதியில் நிற்கிறதா பார்க்கவும்.” மூன்றாவது காரணத்துக்கு முதலில் நல்ல தண்ணீர், அப்புறம் நீர் கரைக்காத கிரீஸ். சுத்தியல் வேண்டாம், வார்ப்பு அலுமினியம் விரிசல் விடும்.

— காரைக்குடி

•

தூக்கு, கோணம், முட்டு, கொண்டி, கைத்திருகு எல்லாம் ஏற்கிறேன். நாதாங்கியை மட்டும் விட்டுவிடலாம், இளவட்டங்களுக்குத் தெரியாது. ‘கோண ஆணி’ போதும்.

‘துரு’ என்ற இடங்களையும் திருத்த வேண்டும். துரு இரும்புக்கு. அலுமினிய பிராக்கெட்டில் வெள்ளையாகப் பொடி பூப்பது ‘அரிமானம்’. அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊரில் அச்சாகும் கையேட்டில் இதைத் தவறாகப் போட்டால் சிரிப்பார்கள். ‘பலி நேர்மின்வாய்’ என்பதை ‘ஜிங்க் கட்டி’ ஆக்கி, பாதி கரைந்ததும் மாற்று, அதன்மேல் பெயிண்ட் அடிக்காதே என்று பக்கத்திலேயே போடுங்கள். பெயிண்ட் அடித்த கட்டி கரையாது, பிராக்கெட் கரையும்.

கடைசியாக, நான்காம் பக்கப் படத்தில் கைத்திருகின் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது. திறப்பது இடஞ்சுழி, மூன்று நான்கு சுற்று. அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள்.