புதுப்பிப்பு: சாத்திய ஜன்னல் வழியே வந்த குளிர்காற்று நின்றுவிட்டது

ஜன்னலை இறுக்கிச் சாத்தினாலும் குளிர்காற்று வருகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஊதுபத்தியைக் காட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. கண்ணாடி ஓரத்தில் புகை நேராக எழுந்தது. கதவு சட்டத்தோடு சேரும் கீழ்மூலையில் மட்டும் உள்பக்கமாக வளைந்தது. அங்கே ரப்பர் பட்டை நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. அதை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் புதுப் பட்டை ஒட்டினேன். காற்று சுத்தமாக நின்றது.

எதிர்பாராதது ஒன்று: அப்புறமும் கண்ணாடி அருகே குளிர் உறைத்தது. ஒற்றைக் கண்ணாடி என்பதால் கசிவே இல்லாவிட்டாலும் வெப்பம் அதன் வழியே வெளியேறும். சட்டத்தின் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கவிட்ட பிறகே குறைந்தது. இடையில் அடைபடும் காற்றுதான் அங்கே தடுப்பு. சட்டத்தின் அடியில் நீர் வடியும் துளைகள் இருந்தால் அவற்றை மட்டும் அடைக்காதீர்கள்.