பாட்டியின் சிவப்பு அட்டையும் திருச்சிக் கல்யாணமும்

செந்தூல்பேத்தி:
ஐப்பசியில் திருச்சியில் கல்யாணம். பாட்டியின் அக்காள் பேத்திக்கு. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்குப் பாஸ்போர்ட் எடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. தலைக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). பாட்டிக்கு மட்டும் நாலு தடவை அலைந்தாயிற்று. 1959ல் இங்கே மலேசியாவில், குவாலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை, கையில் சிவப்பு அடையாள அட்டை; நிரந்தரவாசி, குடிமகள் இல்லை என்று அர்த்தம். "தோட்ட ஆபீசில் கடிதம் வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். தோட்டம் இப்போது தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. ஆபீஸ் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள்.

கிள்ளான்வாசி:
கவுண்டரில் இருப்பவரைத் திட்டி என்ன பயன், தங்கச்சி? ஆதாரம் கேட்காமல் கொடுத்தால், காசுக்கு அட்டை வாங்க வருபவனும் இதே கதையைத்தான் சொல்வான். என் தாத்தாவும் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்தான். சைக்கிள் மிதித்துப் போய் ஐந்து பிள்ளைக்கும் பத்திரம் எடுத்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இத்தனை வருஷம் என்ன செய்தார்கள்?

செந்தூல்பேத்தி:
பாட்டி பிறந்த மூன்றாம் மாதம் அவர் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்குக் கைநாட்டு. தோட்டக் கணக்கர், கிராணி, எழுதினால் உண்டு, எழுதவில்லை. அண்ணனுக்குக் குடிமக்களின் நீல அட்டை, தங்கைக்குச் சிவப்பு: ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே தாய். அக்கா புருஷனுக்கு 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல், இருவரும் ரஜூலா கப்பலேறிப் போனார்கள். அதற்குப் பிறகு அக்காவைப் பாட்டி பார்த்ததே இல்லை.

வழக்குமன்றம்:
நடுவில் வருகிறேன். அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, 1957 மெர்டேக்கா (சுதந்திர) நாள் முதல் 1962 அக்டோபருக்கு முன்புவரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் குடிமக்களா என்று பார்க்காமலே, சட்டப்படி குடிமகன். பாட்டி சலுகை கேட்கவில்லை. பிறந்த இடத்துக்குத்தான் சாட்சி வேண்டும். அண்ணனின் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, கூட வளர்ந்தவர்களின் சத்தியப் பிரமாணம், இவற்றைச் சேருங்கள்.

கிள்ளான்வாசி:
சட்டம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் முடியும்வரை கல்யாணம் காத்திருக்குமா? சிவப்பு அட்டைக்காரருக்கும் பயண ஆவணம் உண்டு, திரும்பி வர மீள்நுழைவு அனுமதியும் உண்டு. அதில் போய் வாருங்கள்.

செந்தூல்பேத்தி:
அதற்கு இந்திய இ-விசா கிடையாது அண்ணே. வழக்கமான விசாவுக்குத் தனி அலைச்சல். அதுகூடப் பரவாயில்லை. படிவத்தில் குடியுரிமைக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப் போனேன், பாட்டி பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டார். "நான் எந்த ஊர்க்காரியும் இல்லைன்னு நீயே எழுதப் போறியா?" என்றார்.

கிள்ளான்வாசி:
ஒரு கட்டத்துக்காக அக்காவைப் பார்க்காமல் இருப்பது வீம்பு. இப்போதும் அதைத்தான் சொல்வேன். அது போகட்டும், தோட்டம் போனாலும் தமிழ்ப்பள்ளி போயிருக்காது. நிறையப் பள்ளிகள் பழைய பெயரோடு தாமானுக்கு இடம் மாறியிருக்கின்றன. பழைய பதிவேடு இருக்கிறதா கேட்கலாம். திங்கட்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். பள்ளிப் பெயரைச் சொல்லுங்கள்.

செந்தூல்பேத்தி:
தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். பதிவேட்டில் லட்சுமியா லெட்சுமியா என்று பார்த்துச் சொல்லுங்கள். அட்டையில் லெச்சிமி என்று இருக்கிறது.