மெக்சிகோ சிட்டி அஸ்டெகா மைதானத்தின் நடுவில் அந்தச் சிலந்தி நிழல் என்ன?

மூலைக்கொடி:
நேற்று 1986 உலகக் கோப்பையின் அர்ஜென்டினா - இங்கிலாந்து காலிறுதியை முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷமும் மரடோனா அடித்த அந்த இரண்டு கோல்களின் துண்டு வீடியோவை மட்டும் பார்த்தவன், முதல்முறையாக 90 நிமிடமும் உட்கார்ந்தேன். சிக்கல் என்னவென்றால், பந்தை விட்டுவிட்டு என் கண் நடுவட்டத்துப் பக்கம் கிடந்த ஒரு கறுப்பு நிழல் மேலேயே போய்க்கொண்டிருந்தது. பெரிய சிலந்தி காலை விரித்துப் படுத்த மாதிரி இருக்கிறது. முதல் பாதியிலும் அங்கேதான், இரண்டாம் பாதியிலும் ஏறக்குறைய அங்கேதான். வீரர்கள் அதை மிதித்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. அது என்ன? இன்னொன்று, பாதி நேரம் எல்லோரும் நடந்துதானே ஆடுகிறார்கள்? அந்தக் காலத்து ஆட்டமே அப்படியா, இல்லை அந்த மைதானத்தில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?

பழையவிசில்:
சிலந்தி வேறொன்றும் இல்லை, ஒலிபெருக்கிகள். மைதானத்துக்கு மேலே கம்பி இழுத்துக் கட்டி நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள், அதன் நிழல்தான். ஆனால் அது ஏன் நேர்க்கீழே விழுந்தது என்பதுதான் சுவாரஸ்யம். ஆட்டம் தொடங்கியது உள்ளூர் நேரம் பகல் 12 மணிக்கு. தேதி ஜூன் 22. மெக்சிகோ சிட்டி இருப்பது வடக்கே 19 பாகையில், அந்த வாரத்தில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து நாலைந்து பாகைதான் விலகியிருக்கும். வீரர்களின் நிழலைப் பாருங்கள், காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

யார் உச்சி வெயிலில் ஆட்டம் வைப்பார்கள் என்று கேட்டால், தொலைக்காட்சிதான் பதில். மெக்சிகோவில் 12 மணி என்றால் அன்றைக்கு லண்டனில் மாலை 7. ஐரோப்பாவில் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்காருகிற நேரம். அர்ஜென்டினா வீரர்கள் மரடோனாவும் வால்டானோவும் இதை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார்கள், எடுபடவில்லை. ஜூன் 29 இறுதி ஆட்டமும் அதே 12 மணிக்குத்தான் நடந்தது. 1970 இறுதி ஆட்டமும் அப்படித்தான், பிரேசில் இத்தாலியை 4-1 என்று அடித்தது இதே மைதானத்தில் இதே நடுப்பகலில்.

அரைநேரம்:
நடந்து ஆடியதற்கு வெயில் பாதிக் காரணம், உயரம் மீதிப் பாதி. அஸ்டெகா கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஒரு தடவை வேகமாக ஓடுவதில் பிரச்சினை இல்லை, அடுத்த ஓட்டத்துக்கு மூச்சு திரும்பி வர நேரமாகும். அதனால்தான் ஒருவர் ஓடி முடித்ததும் இடுப்பில் கைவைத்து நிற்பார், அந்தப் பக்கம் பந்து போகாதா என்று நமக்குத் தோன்றும்.

பந்தும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் தூக்கி அடித்த பந்து வழக்கத்தைவிடத் தள்ளிப்போய் விழும், ஆனால் வளைத்து அடித்தால் அவ்வளவாக வளையாது. ஃப்ரீகிக் அடிக்கிறவருக்கு இது தொல்லை, கோல்கீப்பருக்கு வேறு விதமான தொல்லை.

அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் பிலார்டோ இதை முன்கூட்டியே கணக்குப் போட்டவர். அந்த ஜனவரியிலேயே கொஞ்சம் வீரர்களை அர்ஜென்டினாவின் வடக்கில் மலைமேல் இருக்கிற தில்காராவுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார். போட்டி தொடங்கிய பிறகும் அர்ஜென்டினா ஆடிய முதல் நாலு ஆட்டமும் மெக்சிகோ சிட்டியிலும் புவெப்லாவிலும்தான், இரண்டுமே உயரமான ஊர்கள். இங்கிலாந்தோ குழு ஆட்டங்களை 500 சொச்சம் மீட்டர் உயரமுள்ள மான்டெர்ரே பக்கம் ஆடிவிட்டு மேலே ஏறி வந்தது. ஆட்டம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது என்பது என் கட்சி.

இடதுகால்:
அரைநேரம் சார், இதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. காலிறுதிக்கு நாலு நாள் முன்னால் இங்கிலாந்து இதே அஸ்டெகாவில் பராகுவேயை 3-0 என்று ஜெயித்தது. மூச்சு வாங்கிய அணி மாதிரியா தெரிகிறது? அப்புறம் காலிறுதியின் கடைசிக் கால் மணி நேரத்தைப் பாருங்கள். 74ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் மாற்று வீரராக ஜான் பார்ன்ஸ் உள்ளே வருகிறார், இடதுபக்கம் அவரைப் பிடிக்க ஆளில்லை, அவர் கொடுத்த பந்தை லினேகர் தலையால் முட்டி 2-1 ஆக்குகிறார், அடுத்து சமன் ஆவதற்கும் மயிரிழைதான். அப்போது தள்ளாடியது மலைமேல் பழகிய அர்ஜென்டினாதான். 2,200 மீட்டர் உயரத்தில் தன் பாதியிலிருந்து ஓடி ஐந்து பேரைத் தாண்டுகிற மரடோனா என்ற ஒரு ஆள் அவர்களிடம் இருந்தார், இவர்களிடம் இல்லை. எனக்குத் தெரிந்து கணக்கு அவ்வளவுதான்.

வெயில் விஷயத்தில் பிலார்டோ கெட்டிக்காரர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். உருகுவேக்கு எதிராகப் போட்ட நீலப் பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து கனத்துப்போனது. இங்கிலாந்துடன் ஆடவும் நீலம்தான் போட்டாக வேண்டும். கடைசி நேரத்தில் மெக்சிகோ சிட்டிக் கடைகளில் தேடி மெல்லிய நீலச் சட்டைகளை வாங்கிவந்து, சின்னத்தைக் கையால் தைத்து, அமெரிக்கக் கால்பந்துச் சட்டைக்குப் போடுகிற மினுமினுக்கும் வெள்ளி எண்களை ஒட்டினார்கள். உலகக் கோப்பைக் காலிறுதிக்குக் கடைச் சட்டை!

பழையவிசில்:
உயரம் ஒன்றும் செய்யாது என்றால் மெக்சிகோ அங்கே உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றில் முதல்முறை தோற்க 2001 வரை ஏன் ஆனது? கோஸ்டாரிகா 2-1 என்று ஜெயித்த அந்த நாளுக்கு ‘அஸ்டெகாஸோ’ என்று தனிப் பேரே வைத்துவிட்டார்கள். அடுத்த தோல்வி 2013இல், ஹோண்டுராஸிடம். நடுவில் 2007இல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று ஒரு தடை போட்டது, அஸ்டெகா மயிரிழையில் தப்பியது. தடையையும் மறுவருஷமே எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை.

இடதுகால்:
ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை ஐயா. அந்த ஒரு ஆட்டத்தைத்தான் சொன்னேன்.

மூலைக்கொடி:
எல்லோருக்கும் நன்றி. சட்டை விஷயத்தைப் படித்ததும் இரண்டாவது கோலை மறுபடி ஓடவிட்டேன். 55ஆவது நிமிடம், அதாவது மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். முதுகில் 10 உண்மையிலேயே மினுங்குகிறது, திரும்பும்போதெல்லாம் வெயில் பட்டுப் பளிச்சென்கிறது. சிலந்தி தொலைந்தது, இனி இது கண்ணில் படும். அந்த ஆட்டத்தில் பந்தை நான் எப்போதுதான் பார்ப்பேனோ.