ஒப்புதலா, இசைவா, சம்மதமா: பிள்ளை சொல்லும் 'சரி'க்கு ஒரு சொல் வேண்டும்

செவ்வந்தி எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். வியாழக்கிழமைக்குள் ஓர் ஆய்வுப் படிவம், ஆய்வை நடத்தலாமா என்று முடிவுசெய்யும் நெறிமுறைக் குழுவுக்குப் போயாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் இரத்தசோகை ஆய்வு. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம், பிறகு சாப்பாட்டுப் பழக்கம் பற்றிச் சில கேள்விகள். வயது 7 முதல் 17 வரை. ஆங்கில மூலத்தில் மூன்று சொற்கள்: குழு தருவது அப்ரூவல், பெற்றோர் தருவது கன்சென்ட், பிள்ளை தருவது அசென்ட். தமிழ் வரைவில் மூன்றும் 'ஒப்புதல்' ஆகிவிட்டன. மூலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் வைத்து ஆங்கிலத்துக்குத் திரும்பப் பெயர்ப்பவர் மூன்றையும் அப்ரூவல் என்றே அனுப்பியிருக்கிறார்.

எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 18 வயது ஆகாதவருக்காகக் கையெழுத்திடுவது பெற்றோர் அல்லது பாதுகாவலர். அது போக, 7 முதல் 12 வயது வரை பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்டு, பெற்றோர் முன்னிலையில் பதிவுசெய்ய வேண்டும். 12க்கு மேல் 18 வரை பிள்ளையிடம் எழுத்திலேயே வாங்க வேண்டும். பெற்றோர் தருவதற்கும் பிள்ளை தருவதற்கும் ஒரே சொல் என்றால், களத்தில் பதிவேடு நிரப்புகிறவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மற்றதும் அதுதானே என்று தாண்டிப் போய்விடுவார். நல்ல சொல் சொல்லுங்கள்.

பனம்பாரன் எழுதியது:

அன்பின் அம்மா, தேடி அலைய வேண்டாம், நன்னூல் கொடுத்திருக்கிறது. விடை எட்டு வகை: 'சுட்டு மறை நேர் ஏவல் வினாதல் உற்றது உரைத்தல் உறுவது கூறல் இனமொழி'. இதில் நேர் என்பது உடன்பட்டுச் சொல்வது, மறை என்பது மறுத்துச் சொல்வது. 'சாத்தா, இது செய்வாயா?' என்று ஒருவனைக் கேட்டால் 'செய்வேன்' நேர், 'செய்யேன்' மறை. ஆகவே பிள்ளை தருவது 'நேர்வு', மறுத்தால் 'மறை'. பெற்றோர் தருவது 'உடன்பாடு'. கேள்விக்குப் பதிலாக வாயால் சொல்வது என்ற பொருளும் அதிலேயே அடங்கிவிட்டது. ஒப்புதலுக்கு அந்தக் குணம் இல்லை. அதில் 'ஒப்பம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, கையெழுத்துக் கேட்கும்.

வழக்காடி எழுதியது:

ஐயா, அரசாணை எதையாவது புரட்டிப் பாருங்கள். 'இந்நேர்வில்' என்றால் இந்த கேஸில் என்று பொருள். 'குழந்தையின் நேர்வு' என்று தலைப்பிட்டால் குழந்தை ஏதோ வழக்கில் மாட்டியது போலிருக்கும்.

ஒப்புதலைப் பற்றி ஐயா சொன்னது சரி, ஆனால் அதன் சிக்கல் ஒப்பத்தோடு முடியவில்லை. 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று தினமும் நாளிதழில் வருகிறது, குற்றத்தை ஒத்துக்கொண்டவர் தருவது. அந்தச் சொல்லைப் படிக்கும் பெற்றோர் கை தயங்கத்தான் செய்யும்.

தளிர் எழுதியது:

'மறை'யும் வேண்டாம். கத்தோலிக்கப் பள்ளிகளில் மறைக்கல்வி வகுப்பு நடக்கிறது. 'மறை தெரிவித்த மாணவர்கள்' என்று பட்டியல் போட்டால் யாரைக் கூப்பிடுவார்கள்? ஒப்புதலுக்கும் அங்கே உறவுக்காரர் உண்டு. பாவசங்கீர்த்தனம் என்று முன்பு சொன்னதை இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள்.

பனம்பாரன் எழுதியது:

குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே பொருள் ஊருக்கு உதவி வாழ்தல். ஒப்பு, ஒப்பம், ஒப்புரவு, ஒப்பாரி எல்லாம் ஒரே வேர். ஒப்பாரி என்பது இறந்தவரை இன்னதற்கு ஒப்பு என்று சொல்லிச் சொல்லி அழுவது...

செவ்வந்தி எழுதியது:

ஐயா, ஒப்பாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வியாழக்கிழமை.

யாழ்வாசி எழுதியது:

ஏன் இவ்வளவு சிரமப்படுகிறியள்? சம்மதம் எண்டு போடுங்கோ. எங்கட பக்கம் பிள்ளையளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகவும் 'சம்மதக் கடிதம்' எண்டுதான் பள்ளிக்கூடத்தில கேக்கிறவை. படிக்காத தாய்க்கும் விளங்கும்.

பனம்பாரன் எழுதியது:

வடசொல். அதோடு அகரத்தோடு கூடிய சகரம் தமிழில் மொழிமுதல் வராது என்பது தொல்காப்பியம்.

வழக்காடி எழுதியது:

அப்படியானால் சட்டமும் போயிற்று, சட்டியும் போயிற்று, இந்தச் சண்டையும் போயிற்று. தொல்காப்பியர் வடசொல்லையும் செய்யுளுக்குரிய நான்கு சொல்லில் ஒன்றாக எண்ணியவர்தானே.

களரி எழுதியது:

சம்மதத்தை வடசொல் என்று தள்ள வேண்டாம், வேறு காரணத்துக்காகத் தள்ளலாம். தமிழில் அந்தச் சொல்லோடு ஒட்டியே பிறந்த பழமொழி 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி'. பெண் பார்க்கும் வீட்டில் பெண் தலை குனிந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற வழக்கம் பல வீடுகளில் இருந்தது. நிக்காஹில் கன்னிப்பெண் வெட்கத்தால் வாய் திறக்காவிட்டால் அவள் மௌனமே இசைவு என்ற நபிமொழி புகாரி தொகுப்பில் உண்டு. இத்தனை காலப் பழக்கம் அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது.

பிள்ளைகளை வைத்துச் செய்யும் ஆய்வில் நேர் எதிராக வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விதி அசென்டை விளக்கும்போதே, எதிர்ப்புக் காட்டாமல் இருந்ததை மட்டும் வைத்து அது கிடைத்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது. எட்டு வயதுப் பிள்ளை, எதிரே ஊசியோடு ஒரு அக்கா, பக்கத்தில் வகுப்பாசிரியர், பின்னால் வரிசை. அது பேசாமல் விரலை நீட்டும். நம் ஊரில் டீச்சர் முன்னால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது? 'சம்மதம் பெறப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள், யாருக்கும் உறுத்தாது.

அதனால் கேட்கும் நேரத்தில் ஆசிரியரை அறைக்கு வெளியே நிறுத்துங்கள். 'சரியா?' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் எப்போதும் சரிதான். 'விரல்ல குத்திக்கிறியா, வேண்டாமா? வேண்டாம்னா யாரும் திட்ட மாட்டாங்க' என்று இரண்டு வழியையும் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே பதிவேட்டில் எழுத வேண்டும்.

யாழ்வாசி எழுதியது:

அது சொல்லின்ர குற்றமில்லை, கேக்கிற ஆக்களின்ர குற்றம். எண்டாலும் நீங்கள் சொல்லுறது விளங்குது.

பனம்பாரன் எழுதியது:

களரி ஐயா தம்மை அறியாமலே சொல்லைக் கொடுத்துவிட்டார்: இசைவு. இதன் முன்வடிவு இயைவு. யகரம் சகரமாவது உயிர்–உசிர், முயல்–முசல், நேயம்–நேசம் என்று எங்கும் காண்பது. 'பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல்' என்று வள்ளுவர் பாட்டையும் பண்ணையும் இயைபால் கட்டுகிறார். அதனால்தான் இசை என்றால் பாட்டு, இசைதல் என்றால் உடன்படுதல். ஒலிக்காமல் இசை இல்லை, ஆகவே மௌனம் இசைவாகாது! பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

தளிர் எழுதியது:

வேர் எப்படியோ, நான் இதற்கு வாக்களிக்கிறேன். பெற்றோர் ஒப்புதல், பிள்ளை இசைவு, குழு அனுமதி.

வழக்காடி எழுதியது:

நிற்க. நீங்கள் பிரிக்கிற முறை அரசுத் தமிழுக்குத் தலைகீழ். மசோதாவுக்கு ஆளுநர் தருவது ஆங்கிலத்தில் அசென்ட், தமிழ்ச் செய்தியில் 'ஒப்புதல்'. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குத் தருவது ஆங்கிலத்தில் கன்சென்ட், தமிழில் 'இசைவாணை'. நீங்களோ கன்சென்டை ஒப்புதல் என்றும் அசென்டை இசைவு என்றும் மாற்றிப் போடுகிறீர்கள். நாளை இந்தப் படிவம் ஏதாவது தகராறில் நீதிமன்றத்துக்குப் போனால், 'இசைவு' என்ற தலைப்பின்கீழ் பதின்மூன்று வயதுப் பிள்ளை கையெழுத்திட்டிருக்கும். சட்டப்படியான சம்மதத்தையே பிள்ளையிடம் வாங்கிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். 1872 ஒப்பந்தச் சட்டம் 13ஆம் பிரிவில் கன்சென்ட் என்பதே ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஏற்பது. ஒரே பொருளில் என்பதைக் கவனியுங்கள்.

களரி எழுதியது:

கவலை நியாயம். ஆனால் ஆலைக்காரரும் ஆளுநரும் இந்தப் படிவத்தைப் படிக்கப் போவதில்லை. தலைப்பிலேயே 'பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் இது மட்டும் செல்லாது' என்று ஒரு வரி போட்டால் வாதம் அடங்கிவிடும்.

இன்னொன்று, பிள்ளைக்கான தாளில் பெயர்ச்சொல்லே தேவையில்லை. 'நான் இசைவு அளிக்கிறேன்' என்று எந்தப் பிள்ளை பேசும்? 'நான் சேர்ந்துகொள்கிறேன்', 'எனக்கு வேண்டாம்' என்று இரண்டு கட்டம். 'பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவோம்' என்று ஒரு வரி. இசைவு என்ற சொல் தலைப்பிலும் பதிவேட்டின் பத்தியிலும் குழுவுக்கான விண்ணப்பத்திலும் இருந்தால் போதும். ஆய்வு முடிவதற்குள் 18 நிறைந்தவரிடம் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குத் தனித்தாள் இப்போதே சேர்த்துவிடுங்கள், பலர் மறப்பது அதுதான்.

செவ்வந்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குழு 'அனுமதி', பெற்றோர் 'ஒப்புதல்', பிள்ளை 'இசைவு', மறுத்தால் 'மறுப்பு'. களரி ஐயா சொன்னபடி பிள்ளைத் தாளில் வினைச்சொற்கள் மட்டும், தலைப்பில் அந்த ஒரு வரியும். பதிப்பு எண்ணும் தேதியும் மாற்றிவிட்டேன். திரும்பப் பெயர்ப்பதற்கு இன்று இரவு போகிறது. இனி ஒரு சொல் மாறினாலும் அந்த வேலை முதலிலிருந்து வரும், அதனால் தயவுசெய்து இதோடு விடுங்கள்.

வழக்காடி எழுதியது:

விடுகிறேன். ஆனால் ஒப்புதலும் இசைவும் இடம் மாறித்தான் நிற்கின்றன என்பது என் கருத்து. அடுத்த படிவத்துக்காவது முதலிலேயே கேளுங்கள்.

பனம்பாரன் எழுதியது:

'அனுமதி'யும் வடசொல்தான், யாரும் கவனிக்கவில்லை. 'இசைவாணை' இருக்கும்போது...