பின் சக்கரத்தில் டைனமோ மாட்டினால் சார்ஜே போட வேண்டாமாம், நம்பலாமா?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து பர்கூர் சிப்காட்டுக்கு தினமும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறேன், போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். வண்டி வாங்கி மூன்று வருடம், புதுசில் ஒரு சார்ஜுக்கு நூறு ஓடியது இப்போது எண்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. எங்கள் மாமாவுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர், பின் சக்கரத்தில் பெல்ட் போட்டு ஒரு டைனமோ, முன்னால் சின்னதாக ஒரு காற்றாடி, இரண்டையும் பேட்டரியில் சேர்த்துவிட்டால் ஓட ஓட அதுவே ஏறிக்கொள்ளும், பிளக்கையே மறந்துவிடலாம் என்கிறார். 18,000 கேட்கிறார். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஓட்டியும் காட்டினார். கால் மணி நேரம் முறுக்கியும் மீட்டர் இறங்கவே இல்லை, நிறுத்தியதும் ஒரு சதவீதம் ஏறக்கூட செய்தது, என் கண்ணால் பார்த்தேன். மாமா 2,000 அட்வான்ஸ் வேறு கொடுத்துவிட்டார். யாராவது போட்டு ஓட்டியிருக்கிறீர்களா?

ஓசூர் மெக்கானிக்:
தம்பி, ஸ்டாண்டில் போட்டுக் காட்டினாலே உஷாராகிவிடுங்கள். சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது மோட்டாருக்கு என்ன வேலை இருக்கிறது? உங்களையும் தூக்கிக்கொண்டு காற்றையும் ரோட்டையும் எதிர்த்து 40 வேகத்தில் போனால்தான் ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். நிறுத்தியதும் ஏறியது டைனமோவால் இல்லை. லோடு இருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், லோடு விட்டதும் தானாக எழும். வோல்டேஜை மட்டும் பார்க்கிற மீட்டர் அதை சார்ஜ் என்று காட்டிவிடும். டைனமோவே இல்லாத வண்டியிலும் இதைப் பார்க்கலாம்.
இன்னொன்று, பேட்டரி லைனில் வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி போச்சு. அது கூடப் பரவாயில்லை. பேட்டரிக்குள் சார்ஜ் அளவு மீறாமல் காவல் காக்கிற பிஎம்எஸ் என்ற சர்க்யூட்டைத் தாண்டி நேராக லித்தியம் செல்லுக்குள் கரண்ட் விட்டால் தீப்பிடிக்கலாம். வயர் உருகி வந்த ஒரு வண்டியை நானே பிரித்திருக்கிறேன்.

பாலக்கோடு வாத்தியார்:
பழைய சைக்கிள் டைனமோ ஓட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். 6 வோல்ட், 3 வாட், அவ்வளவுதான். அதை டயரில் சாய்த்ததும் மிதி எப்படிக் கனத்துப்போகும், ஞாபகம் இருக்கிறதா? இருட்டில் போலீஸ் இல்லாத இடம் பார்த்துத் தூக்கிவிட்டு ஓட்டுவோம். லைட்டுக்கு வந்த வெளிச்சம் நம் முட்டியிலிருந்து போனது. உங்கள் ஸ்கூட்டரில் முட்டிக்குப் பதில் பேட்டரி. டைனமோ 300 வாட் தர வேண்டுமானால் அதைச் சுற்ற மோட்டார் கூடுதலாக 450, 500 வாட் பேட்டரியிலிருந்து எடுக்கும். பெல்ட்டில் கொஞ்சம், காயிலில் கொஞ்சம், பேட்டரிக்குள் ஏறி இறங்குவதில் கொஞ்சம் என்று மீதி சூடாகப் போய்விடும். காற்றாடியும் அப்படியே. நீங்கள் ஓடுவதால் வருகிற காற்று அது, எதிர்த்துத் தள்ள மறுபடி மோட்டார்தான் உழைக்க வேண்டும். அதாவது 18,000 கொடுத்து உங்கள் எண்பதை எழுபதாக்கிக்கொள்வீர்கள்.
இந்த மாதிரி ஆசை காட்டுவது புதிதில்லை. மூலிகையை வைத்துப் பெட்ரோல் செய்கிறேன் என்று ஒருவர் தமிழ்நாட்டையே கலக்கிய மூலிகை பெட்ரோல் கதை 1996ல்தான். அது கடைசியில் சிபிஐ வழக்காகி, 2016ல் சென்னை நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அதே 1996ல் அமெரிக்காவில் ஒஹாயோவில், தண்ணீரில் கார் ஓட்டுகிறேன் என்ற ஸ்டான்லி மேயரை மோசடி என்று தீர்ப்பளித்து முதலீட்டாளர்கள் பணத்தைத் திருப்பச் சொன்னார்கள். ஊர் வேறு, கதை ஒன்று.

தொப்பூர் லாரி:
சார், நீங்க சொல்றது சமரோட்டில் சரி. நான் லோடோடு தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்குகிறவன். கியரில் பிடித்தும் பிரேக் லைனர் தீய்ந்த வாசம் அடிக்கும். அந்த சக்தியெல்லாம் சும்மாதானே போகிறது, அதையாவது பிடிக்க முடியாதா?

பாலக்கோடு வாத்தியார்:
முடியும் அண்ணா, இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். இறக்கத்தில் வருவது நிஜ வரவு, ஏனென்றால் அந்த லோடை யாரோ ஏற்கெனவே மேலே ஏற்றியிருக்கிறார்கள், இல்லை மலையே ஏற்றி வைத்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் பீல் பக்கம் ஒரு குவாரியில் இ-டம்பர் என்று பேட்டரி லாரி ஓடுகிறது. வண்டி 45 டன், கல் 65 டன். மேலே கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பிரேக் பிடிக்கும், அந்தக் கரண்ட் காலி வண்டி திரும்ப மேலே ஏற ஏறக்குறைய போதும். இறங்கும்போது கனம், ஏறும்போது காலி, சூட்சுமம் அதில்தான். நம் கிரானைட் குவாரிகள் பலவும் பள்ளம், அங்கே கல் கீழேயிருந்து மேலே வருகிறது. கணக்கு தலைகீழ்.
ஸ்கூட்டருக்கு என்றால், ஆளோடு 200 கிலோ வண்டி 200 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். சுமார் 110 வாட் அவர், அதாவது 0.11 யூனிட். பாதிக்கு மேல் பிடித்தாலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். அதையும் நிறைய எலக்ட்ரிக் வண்டிகளில் கம்பெனியே வைத்துத்தான் கொடுக்கிறார்கள், ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் இழுக்குமே, அதுதான்.

ஓசூர் மெக்கானிக்:
தம்பி, உங்கள் வண்டி முழு சார்ஜுக்கு மூன்று யூனிட் சாப்பிடும். யூனிட் ஆறு ரூபாய் போட்டாலும் பதினெட்டு ரூபாய். 18,000ஐ அதால் வகுத்துப் பாருங்கள், ஆயிரம் ராத்திரி. காசு கையில் இருந்தால் மொட்டைமாடியில் சோலார் போடுங்கள், ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் தரும், பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 மானியமும் உண்டு. வண்டி மேலேயே பேனல் ஒட்டுகிறேன் என்று மட்டும் யாரிடமும் போகாதீர்கள், ஸ்கூட்டரில் இடம் எங்கே?

காவேரிப்பட்டணத்தான்:
நேற்று பட்டறைக்குப் போனேன். அந்த செட் மாட்டின வண்டியைக் கொடுங்கள், கிருஷ்ணகிரி வரை நானே ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பெல்ட் அறுந்திருக்கிறது, அடுத்த வாரம் வா என்றார். அந்த வண்டி மூலையில் நின்றது. சார்ஜர் சொருகியிருந்தது. அட்வான்ஸைப் பற்றி மாமாதான் பேச வேண்டும், அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் இருப்பது வாடகை வீடு, சோலார் மானியம் வீட்டு ஓனர் பெயரில் இருக்கும் இணைப்புக்குத்தானே வரும்? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.