ஒரே எண், இரண்டு கார்டு: லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ரெண்டர்ராசு:
ஒரே காட்சிக் கோப்பு, பெயரளவில் ஒரே கார்டு. என்னிடம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப், கூட வேலை செய்பவரிடம் 4070 டெஸ்க்டாப். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஓர் உள்ளறைக் காட்சி, டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாமே பெரிய அளவு. இருவரும் ஒன்றாக, காட்சியைப் படமாக்கும் ரெண்டர் பொத்தானை அழுத்தினோம். என்னுடையது மெதுவாகப் போகும் என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மெதுவாகக்கூடப் போகவில்லை. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. பக்கத்துத் திரையில் அதே அறை கட்டம் கட்டமாகத் தெளிந்துகொண்டிருக்கிறது. அவருடையது 12 ஜிபி, என்னுடையது 8. கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை அங்கே 5888, இங்கே 4608. சிப்பே வேறு, அங்கே ஏடி104, இங்கே ஏடி106. இந்த ஏடி106 டெஸ்க்டாப்பில் 4060 டிஐ-க்குப் போகிற சிப். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம், என்றைக்காவது முடியும். நினைவகம் குறைந்தால் காத்திருந்து என்ன செய்வது? இது வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

வாட்கணக்கு:
நடந்திருக்கும். ஆனால் லேப்டாப் கார்டு என்றாலே ஒரு படி கீழே என்று சொல்லிவிட முடியாது ராசு. 4060-ல் இரண்டுக்கும் அதே ஏடி107, அதே 3072 கோர், அதே 8 ஜிபி. 3060-ல் லேப்டாப்புக்கு 3840 கோர், டெஸ்க்டாப்புக்கு 3584, லேப்டாப்பில்தான் அதிகம்! (நினைவகம் மட்டும் 6-க்கு 12, அங்கே உங்கள் கட்சி ஜெயிக்கிறது.) 2016-ல் வந்த 1070-லும் லேப்டாப்பில் 2048, டெஸ்க்டாப்பில் 1920. கோரை எண்ணி ஒன்றும் ஆகாது, எத்தனை வாட் விடுகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு 4060 லேப்டாப், என்னுடையது செங்கல் கனம், தம்பியுடையது மெல்லிசு. ஒரே விளையாட்டு, ஒரே செட்டிங். திரை மூலையில் மின்சக்தியைக் காட்டச் சொல்லி வைத்தோம். என்னுடையது 95 வாட்டை ஒட்டி ஓடுகிறது, அவனுடையது 55-க்கு மேல் ஏற மறுக்கிறது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான் பாருங்கள், நான் எதையோ திருடிவிட்ட மாதிரி. அந்தக் கார்டுக்கு 35-லிருந்து 115 வரை எதை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் வைத்துக்கொள்ளலாம், பெட்டியின் மேல் இருக்கும் பெயர் மாறாது. முன்பாவது வாட் குறைத்த கார்டுகளுக்கு மேக்ஸ்-கியூ என்று பெயரில் ஒரு வால் இருந்தது, 3060 போன்ற 30 வரிசையோடு அதையும் கழற்றிவிட்டார்கள்.

எலிவால்:
எனக்கும் இதே கதைதான், போட்டி விளையாட்டில் பிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறவே இல்லை, ஒருநாள் வெளி மானிட்டரைச் செருகியதும் குபீரென்று ஏறியது. அதைவிட, நீங்கள் எல்லோரும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்பர்மேஷனைத் திறந்து அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் உங்கள் கார்டின் உண்மையான பெயர். அப்புறம் மக்ஸ் சுவிட்ச் (கார்டைத் திரையோடு நேராக இணைக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கார்டு வரைந்த ஒவ்வொரு பிரேமும் பிராசசரில் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகும், பிரேம் அதிகமாக அதிகமாக அந்தச் சுற்று வலிக்கும். வெளி மானிட்டரை நேராகக் கார்டோடு இணைந்த போர்ட்டில் செருகினால் சுற்று இல்லை, எல்லா போர்ட்டும் அப்படி இருக்காது, விவரக்குறிப்பில் தேடுங்கள். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னொன்று போட்டு டூயல் சேனல் ஆக்குங்கள், விற்கிறவர்கள் பலபேர் ஒற்றையாகத்தான் வைத்து அனுப்புகிறார்கள். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். வோல்டேஜைக் குறைத்து விடுங்கள், அண்டர்வோல்ட் என்று பயப்பட ஒன்றுமில்லை, வாட் வரம்புக்குள் மாட்டிய கார்டுக்குக் குறைந்த வோல்டேஜில் அதே வாட்டுக்கு இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும். தூசி தட்டுங்கள். பெர்பாமன்ஸ் மோடைப் போடுங்கள். இவ்வளவும் செய்தபிறகு லேப்டாப் கார்டைக் குறை சொல்லுங்கள்.

ரெண்டர்ராசு:
அண்ணே, என் பிரச்சினை 8 ஜிபி. தூசி தட்டினால் 12 ஆகுமா?

பயணக்கணினி:
ராசுவுக்கு ஒரு லைக். எலிவால் அண்ணன் சொன்ன பெர்பாமன்ஸ் மோடைப் போட்டால் விசிறிச் சத்தத்தில் கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், அதை யாரும் எழுதுவதில்லை. என்னை இன்னும் குடைவது வேறொன்று. வாடிக்கையாளர் முன்னால் முப்பரிமாண மாதிரியைச் சுழற்றிக் காட்ட வேண்டும், சார்ஜர் வேறு பையில். பேட்டரி நிறைய இருக்கிறதே என்று சும்மா இருந்தேன். வீட்டில் வெண்ணெயாக வழுக்கிய அதே முப்பரிமாண மாதிரி அங்கே நின்று நின்று திரும்புகிறது. அவர் ரொம்ப மரியாதையாக, "லோட் ஆகிறதா?" என்று கேட்டார். பேட்டரியில் ஓடும்போது கார்டுக்குப் போகும் வாட்டைக் கட்டிவைத்துவிடுகிறார்கள், அதில் தப்பும் இல்லை. விமானத்தில் எடுத்துப்போக வசதியாகப் பேட்டரியை 100 வாட்-மணிக்குக் கீழேதான் வைக்கிறார்கள், 175 வாட் கார்டை முழுசாக ஓட்டினால் அது முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. டெஸ்க்டாப்போடு ஒப்பிட்டு அளக்கிற எல்லா எண்ணும் சுவரில் செருகிய நிலையில் எடுத்ததுதான். எடுத்துப்போகத்தானே லேப்டாப் வாங்குகிறோம்?

இரவுப்பயிற்சி:
4090 லேப்டாப்காரன் ஒருத்தனாவது வர வேண்டாமா, வந்துவிட்டேன். இதில் இருப்பது ஏடி103, 9728 கோர், 16 ஜிபி. அதாவது டெஸ்க்டாப் 4080-ன் கணக்கு அப்படியே. டெஸ்க்டாப் 4090-க்கு 16384 கோர், 24 ஜிபி, 450 வாட். ஏஐ மாடல் பயிற்சியை இரவில் ஓட்டிவிட்டுத் தூங்கப் போவேன். முதல் சுற்று முடிந்த நேரத்தை வைத்துக் காலையில் எல்லாம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலையில் பார்த்தால் பாதிதான் ஆகியிருக்கிறது, சூடு ஏறியதும் கிளாக் வேகத்தைக் கீழே இறக்கி ஓடியிருக்கிறது. கீபோர்டில் நடு வரிசை எழுத்துகளில் விரல் வைக்க முடியவில்லை. மதிப்பீட்டுச் சோதனை எல்லாம் சில நிமிட ஓட்டம், இந்தச் சூடு அதில் தெரியவே தெரியாது. ஆனாலும் வாட்கணக்கு சொல்வதை முழுசாக ஏற்க மாட்டேன். டெஸ்க்டாப் 4080 320 வாட் வரை போகிறது, இது 175. வாட் பாதி என்றால் வேகமும் பாதியாக வேண்டும், ஆகவில்லை. கடைசி நூறு வாட்டில் கிடைக்கிற வேகம் ரொம்பக் கொஞ்சம். குளிர்ச்சி சரியாக இருந்தால் லேப்டாப் கார்டு வாங்குகிற கரண்டுக்கு நன்றாகவே உழைக்கிறது.

வாட்கணக்கு:
வேகம் வாட்டோடு நேர்விகிதத்தில் ஏறும் என்று நான் எங்கே சொன்னேன்? 55-க்கும் 95-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம், 250-க்கும் 320-க்கும் நடுவில் சின்ன வித்தியாசம். தம்பியுடையது மாட்டியிருப்பது அந்தக் கீழ்ப்பக்கத்தில்.

எலிவால்:
பயணக்கணினி, டைப்-சி சார்ஜர் ஒன்றைப் பையிலேயே போட்டுவையுங்கள். பெரும்பாலும் 100 வாட் அளவுதான் வரும், முழு வேகம் கிடைக்காது, ஆனாலும் பேட்டரியைவிடப் பரவாயில்லை. எல்லா மாடலும் அதில் சார்ஜ் ஆகாது, முதலில் போர்ட்டைப் பாருங்கள்.