‘கேங்ஸ்டர்ஸ்’ முகப்பிசை கீபோர்டுடன் சுருதி சேரவில்லை: உதவி தேவை

இசைத்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிபிசி தொலைக்காட்சி 1976ஆம் ஆண்டிலும் 1978ஆம் ஆண்டிலும் ஒளிபரப்பிய ‘கேங்ஸ்டர்ஸ்’ என்னும் தொடரின் முகப்பிசையைக் கீபோர்டில் வாசிக்கப் பழகி வருகிறேன். அதை இயற்றியவர் டேவ் கிரீன்ஸ்லேட். கொலோசியம் குழுவில் ஆர்கன் வாசித்து, பிறகு 1972இல் தம் பெயரிலேயே ஒரு ப்ரோக்ரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புடைய ராக் இசை) குழுவைத் தொடங்கியவர் என்றால் இங்குள்ள பலருக்கு உடனே நினைவுக்கு வரும். அக்குழுவின் இசைத்தட்டுகள் எனக்கு நன்கு பழக்கமானவை. ஆனால் அவர் தொலைக்காட்சிக்காகச் செய்த வேலையைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட எதையும் தமிழில் நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன்.

என் சிக்கல் இதுதான். இணையத்தில் கிடைத்த ஒரு காணொளியிலிருந்து முதல் தொடரின் முகப்பிசையைத் தனியே பிரித்தெடுத்து, அதனோடு சேர்ந்து வாசிக்க முயன்றால் சுருதி சேரவே இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால் என் ஒலி மேலே நிற்கிறது. அதற்கு அடுத்த கீழ்க்கட்டையை அழுத்தினால் கீழே போய்விடுகிறது. இசை இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது. அதே குழுவின் ‘டைம் அண்ட் டைட்’ இசைத்தட்டை ஓடவிட்டு வாசித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே என் கீபோர்டில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. மேலும், இசைத்தட்டைக் கேட்ட காதுக்குத் தொலைக்காட்சி வடிவம் சற்றுச் சோர்ந்து நடப்பதுபோல் இருக்கிறது. இரண்டாம் தொடரின் காணொளியிலோ முகப்பிசையில் ஒருவர் பாடுகிறார்.

இவற்றில் எது மூல வடிவம், எதை நம்பிப் பழகலாம், சுருதிக் கோளாற்றைச் சரிசெய்ய வழி உண்டா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆர்கன் ரசிகர் எழுதியது:

வணக்கம் நண்பரே. சுருதிச் சிக்கலுக்கு வேறு யாரேனும் தக்க விடை சொல்வார்கள். வடிவங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், ஏனெனில் இந்த இசை பேசப்படாமலே போனது எனக்கு நெடுநாள் வருத்தம்.

‘கேங்ஸ்டர்ஸ்’ முதலில் தொடராக வரவில்லை. 1975 ஜனவரியில் பிபிசியின் ‘ப்ளே ஃபார் டுடே’ வரிசையில் ஒரு தனி நாடகமாக வந்தது. பிலிப் மார்ட்டின் எழுதி, பிலிப் சாவில் இயக்கியது. பர்மிங்ஹாம் நகரத்தின் நிழலுலகமும் அங்கு குடியேறியவர்களின் வாழ்வும் கதைக்களம். அதற்குக் கிடைத்த கவனத்தின் பேரில்தான் 1976இல் ஆறு பகுதிகளும் 1978இல் ஆறு பகுதிகளும் எடுக்கப்பட்டன. கிரீன்ஸ்லேட் குழுவின் நான்காம் இசைத்தட்டான ‘டைம் அண்ட் டைட்’ 1975இல் வெளிவந்தபோது, அதன் கடைசிப் பாடலாக ‘கேங்ஸ்டர்ஸ்’ இடம்பெற்றது. ஆகவே இந்த இசையின் முழு அமைப்பைக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர் அந்த இசைத்தட்டையே அடிப்படையாகக் கொள்வது நல்லது. தொலைக்காட்சியில் பெயர்கள் ஓடி முடியும்போது இசையும் முடிந்தாக வேண்டும். அந்த அளவுக்கு வெட்டப்பட்டதைத்தான் நாம் அங்கே கேட்கிறோம்.

இரண்டாம் தொடரில் பாடுபவர் கிறிஸ் ஃபார்லோ. இது தற்செயலான தேர்வு என்று நினைக்க வேண்டாம். 1960களில் ஃபார்லோவின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ குழுவில் ஆர்கன் வாசித்தவர் கிரீன்ஸ்லேட். பிறகு 1970இல் கொலோசியத்துக்குப் பாடகராக வந்து சேர்ந்தவர் அதே ஃபார்லோ. 1966இல் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்த அந்தக் கரகரத்த குரலைக் கொலோசியத்தின் நேரடி நிகழ்ச்சிப் பதிவில் கேட்டவர்கள், முகப்பிசையில் அது நுழைந்த கணமே அடையாளம் கண்டிருப்பார்கள். பழைய கூட்டாளியை அழைத்துப் பாடவைத்திருக்கிறார் என்பதைத் தாண்டி, ஒரே மெட்டை இரண்டு ஆண்டுகளில் இரண்டு வேறு மனநிலைகளுக்குப் பொருத்தியிருக்கிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. முதல் தொடர் பெரும்பாலும் நேரான குற்றக்கதை. இரண்டாம் தொடர் விசித்திரமான பாதையில் போய், எழுத்தாளரே நடிகராகக் கதைக்குள் வந்துவிடும் அளவுக்குத் துணிந்தது.

ஆக, இரு தொடர்களின் வடிவங்களுமே நம்பத் தகுந்தவை. எதைப் பழகுவது என்பது உங்கள் விருப்பம்.

ஒலிக்கூடத் தோழர் எழுதியது:

இசைத்தேடி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதில் இரண்டு குறிப்புகள் எனக்கு முக்கியமாகப் பட்டன: இசை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது என்பது ஒன்று, நடையும் மெதுவாக இருக்கிறது என்பது மற்றொன்று. சுருதியும் நடையும் சேர்ந்தே குறைந்திருந்தால், கோப்பு முழுவதும் வேகம் குறைந்து ஓடுகிறது என்று பொருள். சுருதி மட்டும் குறைந்திருந்தால் காரணம் வேறாக இருக்கும்.

இப்படி நேர்வதற்கு மிக வழக்கமான காரணம் ஒன்று உண்டு. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டங்களில் (ஃப்ரேம்களில்) எடுக்கப்படுகின்றன; பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டங்களில் இயங்கியது. எனவே திரைப்படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும்போது ஏறக்குறைய 4 விழுக்காடு வேகமாக ஓட்டினார்கள். சுருதியும் அதற்கேற்ப, அரைக் கட்டைக்குச் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான சுருதி வேறுபாட்டுக்குச்) சற்றுக் குறைவாக உயர்ந்தது. இதை அறிந்த சிலர், பிரிட்டனிலிருந்து வந்த எந்தக் காணொளியைக் கண்டாலும் அதை 24 சட்டங்களுக்கு இறக்கித் ‘திருத்தி’ விடுகிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட நாடகங்களில், ஃபிலிமில் எடுத்த பகுதிகள்கூட நொடிக்கு 25 சட்டங்களிலேயே படமாக்கப்பட்டன. அவற்றில் திருத்துவதற்கு எதுவுமில்லை. திருத்தினால்தான் கெடும்.

இது ஊகமாக இருக்க வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம். பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அக்காலப் பதிவுகளின் அடியில் அந்த மின்சாரத்தின் மெல்லிய முரலொலி பெரும்பாலும் தங்கியிருக்கும். காணொளியில் யாரும் பேசாத, இசையும் இல்லாத சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அதன் அலைவெண் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அளவுச் சாளரத்தை (ஒரே தடவையில் அலசப்படும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை) 65,536 என்று வையுங்கள். 2,048 என்று விட்டுவிட்டால் 48 ஹெர்ட்ஸும் 50 ஹெர்ட்ஸும் ஒரே மேடாகத்தான் தெரியும், ஏனெனில் அப்போது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 21 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். பெரிய சாளரத்தில் அந்த இடைவெளி ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவு. முரலொலி 50இல் நின்றால் வேகம் சரி. 48இல் நின்றால் யாரோ 4 விழுக்காடு குறைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. பிரிட்டனின் தொலைக்காட்சிப் படம் 625 கோடுகள் கொண்டது. நொடிக்கு 25 படங்கள் என்றால் 15,625 கோடுகள். படப்பிடிப்புக் கூடத்தில் இருந்த திரைகள் அந்த 15,625 ஹெர்ட்ஸில் மெல்லிய கீச்சொலியை எழுப்ப, அது ஒலிவாங்கிகளில் புகுந்துவிடும். ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அலைவெண்கள் ஒலிக்கின்றன என்று காட்டும் படம்) காட்சியில் மேலே ஒரு நேர்கோடாக அது தெரியும். உங்கள் கோப்பில் அக்கோடு 15,000இல் இருந்தால் வேறு சான்று தேவையில்லை. ஆனால் இதை முகப்பிசைக்குள் தேடாதீர்கள். இசை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அங்கே அந்தத் திரைகள் இருந்திருக்க மாட்டா. முகப்பு முடிந்து, அறைக்குள் நடிகர்கள் பேசும் காட்சியில் தேடுங்கள்.

மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பதை) மென்பொருள் தவறாகப் படித்ததாலும் வேகம் குறையக்கூடும். ஆனால் 48,000ஐ 44,100 என்று படித்தால் வீழ்ச்சி ஏறத்தாழ முக்கால் கட்டை இருக்கும்; நீங்கள் சொல்லும் அளவு அதைவிடக் குறைவு.

இசைத்தேடி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரு கதாபாத்திரம் அறைக்குள் நுழைவதற்கு முன் உள்ள மௌனமான நொடிகளை எடுத்துப் பார்த்தபோது, முதல் மேடு 48 ஹெர்ட்ஸிலும் அடுத்தது 96 ஹெர்ட்ஸிலும் தெளிவாக எழுந்து நிற்கின்றன. அறைக்காட்சியின் ஸ்பெக்ட்ரோகிராமில் 15,000ஐ ஒட்டி, முடி அளவுக்கு மெல்லிய கோடு ஒன்று காட்சி முழுவதும் ஓடுகிறது. வெளிப்புறக் காட்சி தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது.

ஒரு சிறு ஐயம். எங்கள் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தானே? அதனால் இச்சோதனை குழம்ப வாய்ப்புண்டா?

ஒலிக்கூடத் தோழர் எழுதியது:

நல்ல கேள்வி. ஒலிவாங்கி வைத்தோ கம்பி வழியாகவோ நீங்கள் பதிவு செய்திருந்தால் உங்கள் வீட்டு முரலொலியும் சேர்ந்திருக்கும். அப்போது 48இலும் 50இலும் இரண்டு மேடுகள் தெரிந்திருக்கும். கோப்பிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்ததால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இனிச் செய்ய வேண்டியது எளிது. வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, 4.167 விழுக்காடு கூட்டுங்கள். சுருதியை மட்டும் உயர்த்தும் கட்டளையைத் தொடவேண்டாம்; அது நடையை அப்படியே விட்டுவிட்டு, ஒலியின் தன்மையையும் சற்றுச் சிதைக்கும். மாற்றிய பிறகு முரலொலி 50க்கு வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தொடரின் கோப்பை இதே அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். அதை ஏற்றியவர் வேறு ஒருவராக இருக்கலாம், தனியே சோதியுங்கள்.

பர்மிங்ஹாம்வாசி எழுதியது:

நான் வாழும் நகரத்தைப் பற்றிய இழை என்பதால் சில வார்த்தைகள். இத்தொடரைத் தயாரித்தது பிபிசியின் பர்மிங்ஹாம் பிரிவு. எட்ஜ்பாஸ்டன் பகுதியில் 1971இல் திறக்கப்பட்ட பெபிள் மில் நிலையத்தில் அது இயங்கியது. அக்கட்டடம் 2005இல் இடிக்கப்பட்டுவிட்டது. லண்டனுக்கு வெளியே, வெளியூர்க் கதைகளுக்கென்று ஒரு நாடகப் பிரிவு அங்கே துணிச்சலோடு செயல்பட்டது. கிரீன்ஸ்லேட் அந்தப் பிரிவோடு ஒரு தொடரில் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1982இல் அதே நிலையம் ‘பேர்ட் ஆஃப் ப்ரே’ என்ற நான்கு பகுதித் தொடரைத் தந்தது. ரான் ஹட்சின்சன் எழுதியது. கணினி மோசடி பற்றி அறிக்கை எழுதும் ஹென்றி ஜே என்ற சாதாரண அரசு அலுவலர், ஒரு பெரிய சதிக்குள் சிக்கிக்கொள்ளும் கதை. ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் நடித்தார். 1984இல் இன்னும் நான்கு பகுதிகள் வந்தன. அதற்கும் கிரீன்ஸ்லேட்தான் இசை. பிறகு 1986இல் ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிய ‘எ வெரி பெக்யூலியர் ப்ராக்டிஸ்’ தொடரின் முகப்புப் பாடலை அவர் அமைக்க, எல்கி புரூக்ஸ் பாடினார். ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்தைப் பற்றிய நையாண்டித் தொடர் அது. குற்றக்கதை, கணினிக் கதை, நையாண்டி என்று மூன்றுக்கும் ஒரே மனிதர் இசையமைத்திருக்கிறார்.

இவ்வளவு செய்தும் ரசிகர்கள் அவரை எண்ணும்போது ஏன் தொலைக்காட்சியை விட்டுவிடுகிறார்கள்? என் எண்ணத்தில், கைக்கு அகப்படும் பொருள் இல்லாததே முதல் காரணம். முதல் இரு கிரீன்ஸ்லேட் இசைத்தட்டுகளுக்கு ரோஜர் டீன் வரைந்த உறைகள் உண்டு. 1979இல் வந்த ‘தி பென்டடூக் ஆஃப் தி காஸ்மோகனி’ இரட்டை இசைத்தட்டு, பேட்ரிக் உட்ரோஃபின் ஓவியங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தோடு வந்தது. அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், நண்பருக்குக் காட்டலாம். முகப்பிசைக்கு உறை ஏது? வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் ஒலித்துவிட்டு, கதை தொடங்கியதும் மறக்கப்படுவது அது. ப்ரோக்ரசிவ் ராக் ரசிகர்களுக்கு நீளத்தின் மேல் ஒரு மயக்கமும் உண்டு. இருபது நிமிடப் படைப்பை அலசி ஆராய்பவர்கள், அதே கை ஒரு நிமிடத்தில் ஒரு நகரத்தின் முரட்டுத்தனத்தைக் காட்டிவிட்டால் அதைப் பிழைப்புக்குச் செய்த வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. குழு கலைந்தது 1976இல். நீண்ட படைப்புகளுக்குச் சந்தை சுருங்கிய அந்த ஆண்டுகளில், அவருடைய இசை மிகப் பெரிய எண்ணிக்கையில் மக்களைச் சென்றடைந்தது தொலைக்காட்சியின் வழியாகத்தான்.

இசைத்தேடி எழுதியது:

வேகத்தைத் திருத்திவிட்டேன். முரலொலி 50க்கு வந்துவிட்டது. இசையும் கட்டைகளின் மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது. சோர்வாகத் தோன்றிய நடையும் இப்போது இல்லை. ஃபார்லோ பாடும் கோப்பைத் தனியே சோதித்தேன்; அதில் முரலொலி தொடக்கத்திலிருந்தே 50இல் இருக்கிறது, ஆகவே அதைத் தொடவில்லை.

கடைசியாக ஒன்று. இசைத்தட்டு வடிவத்தை ஒரே கீபோர்டில் வாசிக்கும்போது ஒலி மெலிந்து கேட்கிறது. இதற்கு ஏதேனும் யோசனை உண்டா?

ஆர்கன் ரசிகர் எழுதியது:

அக்குழுவின் அமைப்பே அதற்குக் காரணம். முதல் இரு இசைத்தட்டுகளில் கிதார் கலைஞர் என்று தனியாக ஒருவர் கிடையாது. கிரீன்ஸ்லேட்டும் டேவ் லாசனும் ஆளுக்கொரு கீபோர்டு வரிசையோடு அமர்ந்து, கிதாரின் இடத்தையும் தாமே நிரப்பினார்கள். ‘டைம் அண்ட் டைட்’ வந்தபோது மார்ட்டின் பிரைலி கிதாரும் பேஸும் கொண்டுவந்து சேர்ந்திருந்தார் என்றாலும், அடித்தளம் அதே இரட்டைக் கீபோர்டுதான். நீங்கள் இரண்டு பேருடைய வேலையை ஒரு ஆளாகச் செய்கிறீர்கள்.

இசைத்தட்டை இடது, வலது என்று தனித்தனியே காதொலியில் கேட்டு, எது எந்தப் பக்கம் ஒலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கீபோர்டை நடுவில் இரண்டாகப் பிரித்து, இடக்கைப் பகுதிக்கு ஹேமண்ட் ஆர்கன் ஒலியையும் வலக்கைப் பகுதிக்கு சிந்தசைசர் ஒலியையும் வையுங்கள். ஆர்கனின் சுழல் ஒலிபெருக்கியை மெதுவான நிலையிலேயே விடுங்கள். வேகமாகச் சுழன்றால் வலக்கை மெட்டு அதில் அமிழ்ந்துவிடும். இடக்கையை மட்டும் சில நாள் தனியாக வாசித்து நடை பிடிபட்ட பிறகு வலக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.